தெருக் கூட்டிய சிறுவன் உலக வீரரான வரலாறு

விடாமுயற்சியின் பெருமையைப் பேசாத பெரியோர் இல்லை. பாடப் புத்தகத்திலும் பொது மேடையிலும் அதைக் கேட்டுக் கேட்டு நம் காதுகள் பழகிவிட்டன. “அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்” என்று சொல்லாத வீடு தமிழ்நாட்டில் இராது. ஆனால் அம்மியை நகர்த்தப் புறப்பட்டவனுக்குப் பசி உண்டு; வெட்கம் உண்டு; நோய் உண்டு. பத்தாவது அடியிலும் அம்மி அசையாதிருக்கக் கண்டு மனம் சோர்வதும் உண்டு. அந்த இடத்தில் அவன் என்ன செய்தான், அவனுக்கு யார் கை கொடுத்தார்கள் என்பதை அறிந்தால்தான் பழமொழி நமக்குப் பயன்படும்.

இந்த நோக்கத்துடன் இம்மாதம் அங்கத்தினர்களுக்கு ஓர் அயல்நாட்டாரின் வரலாற்றைக் கூற விரும்புகிறோம். அவர் பெயர் திக்ரான் பெத்ரோசியான், பிறப்பால் ஆர்மீனியர். 1963-ஆம் ஆண்டு முதல் 1969 வரை சதுரங்க ஆட்டத்தில் உலக வீரர் பட்டத்தைத் தாங்கியவர்; அப்பட்டம் பெற்றோரின் வரிசையில் ஒன்பதாமவர். நம்முள் பெரும்பாலோர் சதுரங்கம் ஆடுகிறவர்கள் அல்லர். அதனால் குற்றமில்லை. காய்களின் நடை தெரியாதவரும் இம்மனிதரின் நடையை அறிந்து பயன் பெறலாம்.

இளமையும் இடிகளும்

பெத்ரோசியான் 1929-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் டிப்ளிஸ் நகரில் பிறந்தார். அந்நகரம் அன்று சோவியத் நாட்டுடன் இணைந்திருந்த ஜார்ஜியாவின் தலைநகரம். 1936 முதல் திபிலீசி என்னும் பெயரால் வழங்குவது. அவர் தந்தை இராணுவ அதிகாரிகளின் மன்றக் கட்டடம் ஒன்றில் காவல் வேலை பார்த்தவர். எழுத்தறிவு இல்லாதவர். ஆயினும் தம் பிள்ளை படிக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாயிருந்தார். எட்டு வயதில் பையன் சதுரங்கம் கற்றுக் கொண்டபோது, இந்த விளையாட்டு சோறு போடுமா என்னும் ஐயமே தந்தைக்கு இருந்தது. படிப்பை விட்டுவிடாதே என்று அவர் மகனுக்கு அறிவுறுத்தினார். எந்த ஊர்த் தந்தையும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

பின்னர் இரண்டாம் உலக யுத்தம் வந்தது. யுத்த காலத்திலேயே தாயும் தந்தையும் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை ஆதரவின்றி நின்றான். வயிறு வளர்க்க வேண்டும். கிடைத்த வேலை தெருக் கூட்டுவது.

நடுக் குளிர்காலத்தில் அவ்வேலையைத் தொடங்கினான். இயந்திரம் ஏதும் இல்லை. யாவும் கையாலேயே செய்ய வேண்டும். உடல் வலு இல்லாத பையன். உடன் வேலை செய்த முதியவர்கள் சிலர் அவன் பங்கையும் சேர்த்துச் செய்து உதவினார்கள். உலகப் புகழ் அடைந்த பின்னரும் பெத்ரோசியான் இந்நாட்களை மறைக்கவில்லை. விடியுமுன் தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும்போது அவ்வளவு கஷ்டம் தெரியவில்லை என்றும், வெளிச்சம் வந்து மக்கள் நடமாடத் தொடங்கியபின் தாம் வெட்கத்தால் குன்றிப் போனதாகவும் அவர் பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறினார். தொழில் எதுவாயினும் இழிவில்லை என்பதை நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். துடைப்பத்துடன் நிற்கும்போது பள்ளித் தோழர்கள் கடந்து போவதைப் பார்க்க நேர்ந்த பிள்ளைக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

உடல் தாங்கவில்லை. நோயில் விழுந்தான். ஓராண்டுப் படிப்பு வீணாயிற்று. அக்காலத்திலேயே காது மந்தமாகத் தொடங்கியது. ஆயுள் முழுவதும் அக்குறை நீங்கவில்லை. பசியும் நோயுமாகக் கிடந்தவனுக்கு அவன் அத்தை, தந்தையின் உடன்பிறந்தவர், ரொட்டி கொடுத்து உயிரைக் காப்பாற்றினார். உலக வீரர் ஒருவரின் வரலாற்றில் அந்த அத்தையின் ரொட்டிக்குரிய இடம் சிறியதன்று.

ஒரு புத்தகமும் ஒரு திறந்த கதவும்

இத்தனை துன்பத்திற்கு நடுவே பையனை நிமிர்ந்து நிற்கச் செய்தவை இரண்டு.

முதலாவது ஒரு புத்தகம். ரீகா நகரில் பிறந்த ஆரோன் நிம்ஸோவிச் என்னும் சதுரங்க மேதை தாம் ஆடிய ஆட்டங்களைக் கொண்டு தம் கொள்கைகளை விளக்கி எழுதிய நூல் அது. தன் பங்குக்குக் கிடைத்த ரேஷனை விட்டுக் கொடுத்து அந்நூலைத் திக்ரான் வாங்கினான். யுத்த காலத்து ரேஷன் என்றால் வயிற்றுக்குப் போதாத அளவு. அதையும் கொடுத்து வாங்கிய நூலை அலமாரியில் வைத்துப் பூட்டுவாரா எவரும்? திரும்பத் திரும்பப் படித்தான். ஏறத்தாழ மனப்பாடமாகும் வரை படித்தான்.

இரண்டாவது, திபிலீசியில் இருந்த ‘பயனியர் மாளிகை’. சோவியத் நாட்டின் நகரங்களில் சிறுவர் சிறுமியர்க்கென அரசு நடத்திய நிலையங்கள் அவை. பள்ளி முடிந்தபின் பிள்ளைகள் அங்கே சென்று இசை, நடனம், கைத்தொழில், சதுரங்கம் முதலியவற்றைக் கட்டணமின்றிக் கற்கலாம். காவற்காரர் மகன், தெருக் கூட்டும் பையன் என்ற காரணத்தால் கதவு மூடப்படவில்லை.

அங்கே அவனுக்கு வாய்த்த ஆசிரியர் ஆர்ச்சில் எப்ராலிட்ஸே. கண்ணைப் பறிக்கும் தாக்குதல்களில் அவருக்கு நாட்டம் குறைவு. அடிப்படை உறுதியாக இருக்க வேண்டும், ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் சொல்ல முடிய வேண்டும் என்பது அவர் முறை. பையன் விரும்பிப் படித்த நூலின் போக்கும் அதுவே. ஏறக்குறைய ஓராண்டுப் பயிற்சி முடிந்திருந்தபோது, அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவரான ஸாலோ ஃபிளோர் திபிலீசிக்கு வந்து ஒரே சமயத்தில் பல பேருடன் ஆடினார். அவர்களுள் ஒருவனாய் அமர்ந்த திக்ரான் அவரை வென்றான்.

1946-இல் திக்ரான் ஆர்மீனியாவின் தலைநகரான எரெவானுக்குக் குடிபெயர்ந்து, அந்நாட்டின் வீரர் பட்டத்தையும், சோவியத் நாட்டு இளைஞர் பட்டத்தையும் பெற்றார். 1949-இல் மாஸ்கோ சென்றார். பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். அவர்களுடன் ஆடாமல் வளர்ச்சி இல்லை.

ஐந்து நாள், ஐந்து தோல்வி

அக்காலத்தில் சோவியத் நாட்டு வீரர் பட்டத்திற்கான போட்டி உலகப் போட்டிக்கு அடுத்தபடியாகக் கடினமானது என்று கருதப்பட்டது. 1949-ஆம் ஆண்டு நடந்த பதினேழாவது போட்டியின் இறுதிச் சுற்றில் விளையாடும் தகுதியை இருபது வயது இளைஞர் பெத்ரோசியான் பெற்றார். ஆடுவோர் 20 பேர்.

முதல் ஆட்டத்தில் கோட்டோவிடம் தோற்றார். அதுவும் சில நகர்வுகளுக்குள். இரண்டாம் ஆட்டத்திலும் தோல்வி. மூன்றாவதிலும் தோல்வி, இம்முறை வென்றவர், முன்பு திபிலீசியில் தம்மிடம் தோற்ற அதே ஃபிளோர். நான்கிலும் தோல்வி, ஐந்திலும் தோல்வி. மண்டபம் நிறைந்த மக்கள் பார்த்துக் கொண்டிருக்க, சுவரில் தொங்கும் பெரிய பலகையில் ஒவ்வொரு நாளும் தம் பெயருக்கு நேரே பூஜ்யம் எழுதப்படுவதை அவர் கண்டார்.

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெற்றோர் இல்லை. சொந்த ஊர் இல்லை. தலைநகரில் செல்வாக்கு இல்லை. காது சரியில்லை. ஐந்து நாள் தொடர்ந்து அவமானம். ‘நமக்கு இது விதிக்கப்பட்டதன்று’ என்று அவர் எழுந்து போயிருந்தால் எவரும் குறை சொல்லியிரார். ஆறாம் நாளும் அவர் வந்து தம் நாற்காலியில் அமர்ந்தார். எதிரே இருந்தவர் லிலியென்தால் என்னும் அனுபவசாலி. அன்று பெத்ரோசியான் வென்றார். போட்டியின் முடிவில் அவருக்குக் கிடைத்தது பதினாறாம் இடம். அந்த ஆறாம் நாள் வெற்றியால் பட்டமோ பரிசோ வரவில்லை. ஆனால் வாழ்க்கையின் கணக்கில் அதுவே பெரிய வரவு என்பது நம் கருத்து.

இரண்டே ஆண்டுகள் கழிந்தன. 1951-இல் அதே போட்டியில் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்து கொண்டார். அப்போட்டியில்தான் உலக வீரர் பொட்வின்னிக்குடன் அவர் முதன்முதலாக ஆடினார். ஆட்டம் இரு முறை ஒத்தி வைக்கப்பட்டுப் பதினொரு மணி நேரம் நீடித்தது. நிலைமை பெத்ரோசியானுக்குச் சாதகமாக இல்லை. எனினும் கடைசி வரை தாங்கிச் சமநிலை கண்டார். 1952-இல் ‘கிராண்ட் மாஸ்டர்’ பட்டம் கிடைத்தது.

காப்பவன் வலிமை

பெத்ரோசியானின் ஆட்ட முறை நம் தொழில்களுக்கு மிகவும் அண்மையில் இருப்பது. ஆகவே அதைச் சிறிது விரித்துக் கூறுகிறோம்.

சதுரங்கத்தில் பெரும்பாலோர் ‘நாம் எப்படித் தாக்கலாம்?’ என்று எண்ணுவார்கள். பெத்ரோசியான் முதலில் எண்ணியது ‘எதிரி என்ன செய்ய விரும்புகிறார்?’ என்பதையே. எதிரியின் திட்டம் முளைவிடுமுன் அதற்கு அணை போடுவது, பலவீனமான இடத்தைத் தாக்குதல் வருமுன்பே பலப்படுத்துவது என்பவை நிம்ஸோவிச்சின் நூலிலிருந்து அவர் கற்ற பாடங்கள். ஆற்றில் வெள்ளம் வருமுன் வரப்புக்கு அண்டை வெட்டி, கரை மெலிந்த இடத்தில் மண் அணைக்கிற விவசாயி செய்வது இதுதான். பாவில் ஓர் இழை அறுந்ததைக் கண்டவுடன் தறியை நிறுத்திப் பிணைத்துவிட்டு மேலே நெய்கிற நெசவாளர் செய்வதும் இதுதான். ‘ஓர் இழைதானே’ என்று விட்டால் குறை சேலை முழுவதும் ஓடும். பெத்ரோசியான் இழையை அறுந்தபடி விடாதவர்; அறுந்துவிடக் கூடிய இழையையும் முன்னதாகவே கண்டு கொண்டவர். ‘இரும்புத் திக்ரான்’ என்று அவரை அழைத்தார்கள்.

காப்பது என்றால் கையிலுள்ளதைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டிருப்பது என்று பொருளாகாது. வேண்டிய நேரத்தில் விட்டுக் கொடுக்கவும் அவர் அறிந்திருந்தார். 1953-இல் சுவிட்ஸர்லாந்தில் அமெரிக்கரான ரெஷெவ்ஸ்கியுடன் அவர் ஆடிய ஆட்டம் இதற்குப் புகழ் பெற்ற சான்று. ரெஷெவ்ஸ்கியின் நடுச் சிப்பாய்கள் ஒன்றையொன்று தாங்கிக் கொண்டு முன்னேறக் காத்திருந்தன. அவை நகரத் தொடங்கினால் பெத்ரோசியானின் அணி சிதறிவிடும். அந்நிலையில் அவர் தம் யானையை, எதிரியின் மந்திரி வெட்டக் கூடிய கட்டத்திலேயே கொண்டு நிறுத்தினார். யானையின் மதிப்பு ஐந்து சிப்பாய்கள். மந்திரியின் மதிப்பு மூன்று. யானையைக் கொடுத்து மந்திரியை வாங்குவது கணக்குப்படி நஷ்டமே. ஆனால் யானை விலகிய கட்டத்தின் வழியாக அவருடைய குதிரை நடுப்பலகைக்கு வந்து அசைக்க முடியாதபடி அமர்ந்தது. சிப்பாய்களின் படையெடுப்பு அங்கேயே நின்றது. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. சிறிய நஷ்டத்தைத் தாமே முன்வந்து ஏற்றுப் பெரிய நஷ்டத்தைத் தடுத்த இந்த நகர்வைச் சதுரங்க ஆசிரியர்கள் இன்றும் மாணவர்களுக்குக் காட்டுகிறார்கள்.

இம்முறைக்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. சமநிலை ஆட்டங்கள் மிகுந்தன. ‘துணிச்சல் இல்லாதவர்’, ‘பார்ப்பவருக்குச் சலிப்பூட்டுபவர்’ என்று பத்திரிகைகளும் ரசிகர்களும் குறை கூறினார்கள். இக்குறை முழுதும் ஆதாரமற்றதும் அன்று; வெல்லக் கூடிய நிலையிலும் அவர் சமநிலையை ஏற்றுக் கொண்ட ஆட்டங்கள் உண்டு. எனினும் பிறர் கைதட்டலுக்காகத் தம் இயல்பை அவர் மாற்றிக் கொள்ளவில்லை.

பத்தாண்டுக் காத்திருப்பு

உலக வீரருடன் மோதும் உரிமையைப் பெற, தகுதி பெற்றோர் ஒரு சிலர் தமக்குள் போட்டியிட வேண்டும். அக்காலத்தில் சுமார் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை வந்தது அப்போட்டி. ஒரு முறை தவறினால் மூன்று ஆண்டுகள் பொறுக்க வேண்டியிருந்தது. விதைப்பைத் தவற விட்ட விவசாயிக்கு ஓராண்டுதான் நஷ்டம்.

1953-இல் பெத்ரோசியான் ஐந்தாவதாக வந்தார். 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் மூன்றாம் இடத்தைப் பிறருடன் பகிர்ந்தார். அங்கே நேர்ந்த ஒரு சம்பவம் குறிப்பிடத் தக்கது. பிரோன்ஸ்டைனுடன் நடந்த ஆட்டத்தில் அவர் கை முழுவதும் ஓங்கியிருந்தது. எதிராளிக்குக் குதிரையை அங்குமிங்கும் நகர்த்துவதைத் தவிர வேறு வழி இல்லை. வெற்றி கைக்கெட்டிய அந்நிலையில், எதிரியின் குதிரை தம் ராணியைக் குறிவைத்து நிற்பதைப் பெத்ரோசியான் கவனிக்கவில்லை. வேறு காயை நகர்த்தினார். ராணி போயிற்று, அத்துடன் ஆட்டமும் போயிற்று. தற்காப்பில் இணையற்றவர் என்று உலகம் போற்றியவர் புதிதாக ஆடக் கற்ற பிள்ளை செய்யும் பிழையைச் செய்தார்! எவ்வளவு கவனமுள்ளவர்க்கும் கண் தப்பும் நேரம் உண்டு.

1959-இல் மூன்றாம் இடம். அதே ஆண்டிலும் 1961-லும் சோவியத் நாட்டு வீரர் பட்டத்தை வென்றார். பத்தாண்டுகளுக்கு முன் ஐந்து பூஜ்யங்கள் வாங்கிய அதே போட்டியில்!

1962-இல் நான்காம் முறையாகத் தகுதிப் போட்டியில் கலந்து கொண்டார். இடம், கரிபியன் கடலில் உள்ள குராஸோ தீவு. வெயில் கொளுத்தும் ஊரில் அவர் 27 ஆட்டங்கள் ஆடினார். பெத்ரோசியான் எட்டு ஆட்டங்களில் வென்றார். பத்தொன்பது ஆட்டங்களைச் சமன் செய்தார். ஒன்றில் கூடத் தோற்கவில்லை. அவர் பெற்ற புள்ளிகள் பதினேழரை. கெரெஸும் கெல்லரும் தலைக்குப் பதினேழு. வித்தியாசம் அரைப் புள்ளி! இம்மூவரும் தமக்குள் ஆடிய ஆட்டங்களை எல்லாம் சமநிலையிலேயே முடித்தனர். இது முன்பே செய்து கொண்ட ஏற்பாடு என்று அமெரிக்க இளைஞர் பாபி ஃபிஷர் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அதன் பின்னர் உலகச் சதுரங்கச் சம்மேளனம் போட்டி முறையையே மாற்றி, இருவர் இருவராக மோதும் ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. உண்மையை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது என்பதால் இதனையும் குறிப்பிட்டோம்.

மகுடம்

1963 மார்ச் 23-ஆம் நாள் மாஸ்கோவில் உலகப் பட்டத்திற்கான போட்டி தொடங்கியது. எதிரே இருந்தவர் மிகையில் பொட்வின்னிக். 1948 முதல், இடையில் இரு சிறு காலங்கள் நீங்கலாக, உலகப் பட்டத்தைக் கையில் வைத்திருந்தவர். மின் பொறியியல் கற்றவர். ஆட்டத்தை விஞ்ஞானம் போல் ஆராய்ந்தவர். அவருக்கு வயது 51; பெத்ரோசியானுக்கு 33. போட்டி மாதக் கணக்கில் நீளும், உடல் தாங்க வேண்டும் என்று எண்ணிய பெத்ரோசியான், முன்னேற்பாடாக நாள்தோறும் பனிச்சறுக்குப் பயிற்சி செய்து உடலைத் திடப்படுத்தியிருந்தார்.

முதல் ஆட்டத்தில் தோற்றார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்தது போலவே தொடக்கம்! ஆனால் இப்போது அவருக்குத் தோல்வி பழக்கமான விருந்தாளி. கலங்காமல் அடுத்த ஆட்டங்களைச் சமன் செய்தார். ஐந்தாவது ஆட்டத்தில் வென்றார், ஏழாவதிலும் வென்றார். பதினான்காவதில் பொட்வின்னிக் வென்று சமமாக்கினார். மறு ஆட்டத்திலேயே பெத்ரோசியான் மீண்டும் முந்தினார். பதினெட்டு, பத்தொன்பது ஆகியவையும் அவருக்கே. மே 20-ஆம் நாள் இருபத்திரண்டாவது ஆட்டத்துடன் பன்னிரண்டரைக்கு ஒன்பதரை என்ற புள்ளிக் கணக்கில் போட்டி முடிந்தது. எரெவான் நகரின் நாடக மாளிகைச் சதுக்கத்தில் பெரிய பலகைகளில் நகர்வுகளைக் காட்ட, மக்கள் திரண்டு நின்று பார்த்தார்களாம். தெருக் கூட்டிய சிறுவன் உலக வீரரானார்.

மகுடத்திற்குப் பின்

1966-இல் பட்டத்திற்குப் போட்டியிட்ட போரிஸ் ஸ்பாஸ்கியைப் பன்னிரண்டரைக்குப் பதினொன்றரை என்ற கணக்கில் வென்றார். பட்டம் வைத்திருந்த ஒருவர் போட்டியாளரை ஆட்டத்தில் வென்று பட்டத்தைக் காத்தது 1934-க்குப் பின் அதுவே முதல் முறை. 1969-இல் அதே ஸ்பாஸ்கியிடம் பட்டத்தை இழந்தார்.

பட்டம் போனபின் அவர் மூலையில் அமரவில்லை. அதே 1969-இல் மீண்டும் சோவியத் நாட்டு வீரரானார். 1975-இல் நான்காம் முறையும் ஆனார். 1971-இல் எவராலும் தடுக்க முடியாதவராய் அடுத்தடுத்து வென்று வந்த ஃபிஷரின் வெற்றித் தொடரை ஓர் ஆட்டத்தில் முறித்தவரும் அவரே. ஆயினும் அப்போட்டியில் முடிவில் ஃபிஷரே வென்றார். உலக நாடுகளின் அணிகள் மோதும் ஒலிம்பியாட் போட்டிகளில் 1958 முதல் 1978 வரை பத்து முறை சோவியத் அணியில் ஆடினார். 129 ஆட்டங்களில் 78 வெற்றி, 50 சமநிலை, ஒரே ஒரு தோல்வி!

இளமையில் வந்த காது மந்தத்தையும் அவர் ஒரு முறை துணையாக்கிக் கொண்டார். 1971-இல் ஸ்பெயினில் ஸெவில் நகரில் ஜெர்மானியரான ஹ்யூப்னருடன் போட்டி நடந்தபோது, வெளிச் சத்தம் மிகுதியாக இருந்தது. பெத்ரோசியான் தம் காதுக் கருவியை நிறுத்திவிட்டு அமைதியாக ஆடினார். ஹ்யூப்னரோ சத்தம் தாளாமல் போட்டியை விட்டே விலகினார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வறுமை கொடுத்த குறை அன்று கேடயமாயிற்று.

‘படிப்பை விடாதே’ என்ற தந்தையின் சொல்லையும் அவர் மறக்கவில்லை. உலக வீரராக இருந்த காலத்திலேயே, 1968-இல், சதுரங்கச் சிந்தனையின் தர்க்கத்தைப் பற்றி எரெவான் பல்கலைக் கழகத்தில் ஆய்வு செய்து தத்துவத் துறையில் பட்டம் பெற்றார். எழுதப் படிக்கத் தெரியாத காவற்காரரின் ஆசை அவ்வாறு நிறைவேறியது. 1984 ஆகஸ்டு 13-ஆம் நாள் புற்று நோயால் மாஸ்கோவில் காலமானார்.

விதை ஒன்று, விளைச்சல் பல

ஒருவர் அடைந்த வெற்றி ஊருக்கு என்ன செய்யும்? ஆர்மீனியா இதற்கு விடை கூறுகிறது. எரெவானில் 1970-இல் திறக்கப்பட்ட சதுரங்க மாளிகை பெத்ரோசியானின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பல பெற்றோர் பிள்ளைகளுக்குத் திக்ரான் என்று பெயரிட்டனர். 2011-இல் அந்நாடு தொடக்கப் பள்ளிகளில் சதுரங்கத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. சுமார் முப்பது லட்சம் மக்களே வாழும் சிறு நாடு, 2006, 2008, 2012 ஆகிய ஆண்டுகளில் ஒலிம்பியாட் தங்கப் பதக்கத்தை வென்றது. 2022-இல் நம் மாமல்லபுரத்தில் நாற்பத்து நான்காவது ஒலிம்பியாட் நடந்தபோது, பொதுப் பிரிவில் வெள்ளிப் பதக்கம் பெற்றுச் சென்றதும் ஆர்மீனியாவே. 2018-இல் அந்நாடு வெளியிட்ட இரண்டாயிரம் திராம் நோட்டில் பெத்ரோசியானின் உருவம் பொறிக்கப்பட்டது. ரேஷனைக் கொடுத்துப் புத்தகம் வாங்கிய சிறுவனின் முகம் இன்று நாட்டின் நாணயத்தில் இருக்கிறது!

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றிலிருந்து ‘முயன்றால் எவரும் உலக வீரர் ஆகலாம்’ என்று நாம் கூறப் போவதில்லை. அது உண்மையும் ஆகாது. யுத்த காலத்தில் அனாதையாகித் தெருவில் நின்ற பிள்ளைகள் ஆயிரம் ஆயிரம். அவர்களுள் உழைப்புக்கு அஞ்சாதவர் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். திக்ரானின் விடாமுயற்சி பலித்ததற்கு அவன் மன உறுதி ஒரு காரணம். துடைப்பத்தைப் பங்கிட்டுக் கொண்ட முதியவர்கள், ரொட்டி கொடுத்த அத்தை, கட்டணம் கேட்காத மாளிகை, பொறுமையுள்ள ஆசிரியர் ஆகியோரும் காரணம். தனி மனிதனின் உறுதி பாவு என்றால் சுற்றத்தாரின் துணை ஊடை. ஒன்றை விட்டு மற்றொன்றால் துணி ஆகாது. கூட்டுறவின் கொள்கையும் வேறு ஒன்றன்று.

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது நாம் அடிக்கடி கேட்பது ஒன்றுண்டு. ஓர் ஆண்டு துணி தேங்கிவிட்டால், அல்லது மழை பொய்த்துத் தவணைப் பாக்கி ஏறிவிட்டால், ‘இனி இச்சங்கம் தேறாது’ என்று சொல்லிப் பங்குத் தொகையைத் திரும்பக் கேட்போர் உளர். அவர்களுக்கு நாம் நினைவூட்ட விரும்புவது ஐந்து தோல்விக்குப் பின் வந்த ஆறாம் நாளை. ஆனால் வெறுமனே வந்து அமர்ந்தால் போதாது. பெத்ரோசியானைப் போல, எங்கே இழை அறுந்தது என்று பார்க்க வேண்டும். இருப்புப் புத்தகம் சரியாக எழுதப்படுகிறதா, நூல் வாங்கிய விலை நியாயமானதா, கடன் கொடுத்தது பயிருக்கா கலியாணத்திற்கா என்று மகாசபையில் எழுந்து கேட்க வேண்டும். நல்ல ஆண்டின் லாபத்தை எல்லாம் பங்காதாயமாகப் பிரித்துக் கொள்ளாமல் சேம நிதியைப் பெருக்குவது வெள்ளத்திற்கு முன் கரையை உயர்த்துவதாகும். வேண்டிய நேரத்தில் சிறிய லாபத்தை விட்டுக் கொடுத்துச் சங்கத்தைக் காப்பதே அந்த யானையைக் கொடுத்த நகர்வு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் அங்கத்தினர்களின் வீடுகளில் தறிக்குழியின் அருகிலும் களத்து மேட்டிலும் வளரும் பிள்ளைகளில் எவனுக்கு, எவளுக்கு என்ன திறமை இருக்கிறது என்பதை நாம் அறியோம். பொது நன்மை நிதியில் ஒரு சிறு தொகையை ஒதுக்கிச் சங்கக் கட்டடத்தில் மாலை நேரத்தில் ஒரு விளக்கும், சில புத்தகங்களும், இரண்டு சதுரங்கப் பலகைகளும் வைப்பது பெரிய செலவன்று. துணைவிதியும் மகாசபையும் இடங்கொடுக்கும் அளவுக்கு அதைச் செய்யலாம். ரேஷனை விற்றுப் புத்தகம் வாங்கும் நிலை நம் ஊர்ப் பிள்ளை எவருக்கும் வர வேண்டாம். படிக்க வரும் பிள்ளைக்குக் கதவு திறந்திருக்கட்டும். வருகிற மகாசபையில் இதனை ஒரு பொருளாக வைத்து ஆலோசிக்குமாறு எல்லாச் சங்கங்களின் நிர்வாகக் குழுவினரையும் கேட்டுக் கொள்கிறோம்.